ஜே.என்.யூ.வில் அயல்மொழி படிக்க வருகிறவர்களுக்கு: விண்ணப்பம் முதல் விமானம் வரை

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு மொழி படிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதல் ஆண்டில், "அண்ணா, மெஸ்ஸில் சோறு கிடைக்குமா?" மூன்றாம் ஆண்டில், "அண்ணா, எக்ஸ்சேஞ்சில் ஜப்பான் போக என்ன செய்யணும்?" எக்ஸ்சேஞ்ச் என்றால் மாணவர் பரிமாற்றம்: இங்கே படிக்கும்போதே சில மாதம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிப்பது. சோற்றுக்கு எப்போது கேட்டாலும் வழி உண்டு. ஜப்பானுக்கு மூன்றாம் ஆண்டில் வழி கேட்டால், பெரும்பாலும் விண்ணப்பிக்கும் காலமே முடிந்திருக்கும். அந்தக் கேள்வியை முதல் ஆண்டிலேயே, முடிந்தால் ரயில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜே.என்.யூ. என்று எல்லோரும் சொல்லும் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்தேன். இப்போது மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். குடியிருப்பது ஆர்.கே.புரம். வளாகம் பக்கம் என்பதால் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வருகிற நாலைந்து பேராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 1966-இல் வந்தது. பல்கலைக்கழகம் 1969-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1965-இல், ரஷ்ய மொழி கற்பிக்கவென்றே தில்லியில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. இந்தியாவும் சோவியத் யூனியனும் நெருங்கிவந்த காலம் அது. பிறகு அந்த நிறுவனம் ஜே.என்.யூ.வோடு சேர்ந்து, இன்றைய மொழிப் பள்ளியின் வேராக ஆனது. வெளிநாட்டு உறவு என்பது இந்தப் பள்ளிக்குப் பிறவியிலேயே வந்தது என்று சொல்லலாம்.

இங்கே "ஸ்கூல்" என்றால் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் அல்ல. பல துறைகள் சேர்ந்த ஒரு புலம். மொழி, இலக்கியம், பண்பாட்டு ஆய்வுப் பள்ளி என்பது முழுப்பெயர். அதற்குள் மொழிவாரியாக "சென்டர்" என்னும் மையங்கள் இருக்கின்றன. ரஷ்யன், ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியன் ஆகியவற்றுக்குத் தனித்தனி மையம். சீனத்தோடு தென்கிழக்கு ஆசிய மொழிகள் சேர்ந்து ஒரு மையம். ஸ்பானிஷ், போர்த்துக்கீசு, இத்தாலியன் மூன்றுக்கும் ஒன்று. அரபு, பாரசீகம், ஆங்கிலம், மொழியியல் ஆகியவற்றுக்கும் மையங்கள் உண்டு. இந்திய மொழிகள் மையத்தில் தமிழும் இருக்கிறது. உங்கள் வகுப்பு, மதிப்பெண், சிபாரிசுக் கடிதம், வெளிநாட்டு வாய்ப்பு எல்லாமே உங்கள் மையத்தின் வழியாகத்தான் நடக்கும். பல்கலைக்கழகத்தின் பொது அறிவிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிச் செய்தி உங்களுக்கு வராது. மையத்தின் அறிவிப்புப் பலகையை வாரம் ஒருமுறையாவது நின்று படியுங்கள்.

எந்த மொழி?

இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கொரிய நாடகம் பார்த்துக் கொரியன், சித்தப்பா சொன்னார் என்று ஜெர்மன் என்று முடிவெடுக்கிறார்கள். ஆசையில் தவறில்லை, மொழி படிக்க அது வேண்டும். கூடவே இரண்டு விஷயங்களையும் எடைபோட்டுப் பாருங்கள்.

ஒன்று, உங்கள் தமிழ்க் காது. தமிழ் பேசுகிறவருக்குச் சில மொழிகள் ஓரிடத்தில் கைகொடுக்கும், இன்னோரிடத்தில் காலை வாரும். ஜப்பானியத்தை எடுத்துக்கொள்வோம். "நான் மதுரையிலிருந்து வந்தேன்" என்பது அங்கே "வத்தாஷி வா மதுரை கரா கிமாஷ்தா". "கரா" என்பது நம் "இலிருந்து". பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலம் வழியாக யோசிக்கிற வடக்கத்திய நண்பர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, நாம் தமிழில் நினைத்து அப்படியே உருபை மாற்றிப் போட்டால் போதும். கொரியனிலும் வாக்கிய அமைப்பு இப்படித்தான். இந்த ஒற்றுமையை வைத்துத் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியியல் அறிஞர் பல ஆண்டுகள் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஆனால் வகுப்பில் முதல் மூன்று மாதம் தைரியமாக உட்கார இந்த ஒற்றுமை எனக்கு உதவியது உண்மை.

காலை வாருவது ஒலியில். தமிழில் ஒரே "ப". பிரெஞ்சில் மீனுக்கு ஒரு சொல், குடிக்கும் பானத்துக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் "புவாசோன்" என்றுதான் எழுதுவோம். ஒன்றில் தொண்டை அதிராத "ப", இன்னொன்றில் "பஸ்" என்று சொல்லும்போது வருகிற அதிர்கிற "ப". இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் உணவகத்தில் மீன் கேட்டுப் பானம் வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். கொரியனில் இது மூன்றாகப் பிரியும். நிலா, முகமூடி, மகள் ஆகிய மூன்றுக்குமான கொரியச் சொற்கள் தமிழ் எழுத்தில் "தல்" என்றே விழும். ஒன்றை மெதுவாக, ஒன்றை மூச்சோடு, ஒன்றைத் தொண்டையை இறுக்கிச் சொல்ல வேண்டும். "பத்து" என்பதில் வரும் "த்த"வை நினைத்துக்கொண்டால் இறுக்கமான ஒலி கொஞ்சம் பிடிபடும். இதற்கெல்லாம் வெட்கப்படாமல் முதல் மாதத்திலேயே ஆசிரியரிடம் போய், "எனக்கு இந்த இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது" என்று சொல்லிவிடுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

சீனம் எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. "மனிதன்" என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி, நம் "ழ"வுக்கு மிகவும் நெருங்கியது. "ழென்" என்று சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டும் ஒலி நமக்கு நாக்கில் இருக்கிறது. ரஷ்யனில் ஆறு வேற்றுமை என்று கேட்டு மற்றவர்கள் மிரளும்போது, எட்டு வேற்றுமையைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம்.

இரண்டாவது, படித்தபின் எங்கே போகப்போகிறீர்கள் என்பது. ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் தமிழ்நாட்டு வரைபடத்தைப் பார்த்து மொழி எடுக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஹூண்டாய், சாம்சங் என்று கொரிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரகடத்தில் ஜெர்மானிய, ஜப்பானிய, பிரெஞ்சுத் தொடர்புள்ள வாகன ஆலைகள். கூடங்குளம் அணுமின் நிலையம் ரஷ்ய ஒத்துழைப்பில் கட்டப்படுவது. தொழில்நுட்பம் தெரிந்த ரஷ்ய மொழிபெயர்ப்பாளருக்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே வேலைக்கு வாய்ப்புண்டு. இந்த மொழிக்குத்தான் எதிர்காலம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகப் படித்த எந்த மொழிக்கும் இடம் இருக்கிறது. அரைகுறையாகப் படித்த எந்த மொழிக்கும் இல்லை.

விண்ணப்பம்

இளங்கலை சேர்க்கை 2022 முதல் சி.யு.இ.டி. என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. ப்ளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். முதல் ஆண்டில் சேர அந்த அயல்மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்குவார்கள். தேர்வு விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வரும். ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மும்முரத்தில் இதைத் தவறவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். தமிழ் உட்பட 13 மொழிகளில் தேர்வு நடக்கிறது. ஆனால் சேர்ந்தபின் வகுப்புகள் ஆங்கிலத்திலும் படிக்கிற மொழியிலும்தான் நடக்கும். ஆகவே ஆங்கிலத்தை ஓரளவு தேற்றிக்கொண்டு வருவது நல்லது. எந்தப் பாடப்பிரிவுக்கு எந்தத் தாள் எழுத வேண்டும் என்பதை அந்த ஆண்டின் தகவல் ஏட்டில் பார்த்துவிட்டுத் தேர்வுத் தாள்களைத் தேர்ந்தெடுங்கள். போன வருடம் அக்கா எழுதியதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், மிக முக்கியமான ஒன்று. சி.யு.இ.டி. எழுதியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. தேர்வுக்குப் பிறகு ஜே.என்.யூ.வின் சொந்தச் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்து, மொழிகளை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாததால் நல்ல மதிப்பெண் இருந்தும் இடம் போனவர்கள் உண்டு. பட்டியலில் பெயர் வந்ததும், சொன்ன நாளுக்குள் பணம் கட்டி இடத்தை உறுதி செய்தாக வேண்டும். பின்தங்கிய மாவட்டத்தில் படித்தவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் மதிப்பெண் தரும் வழக்கம் இந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு. மாவட்டப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணத்துக்கு அஞ்ச வேண்டாம். ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். மாதாமாதம் வரும் மெஸ் பில்தான் உண்மையான செலவு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. வருமான வரம்பு உண்டு. சேர்ந்தவுடன் இதற்கான சான்றுகளை ஊரில் வாங்கி வையுங்கள். இந்தத் திட்டம் தெரியாமலேயே மூன்று வருடத்தை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வந்து இறங்கியதும்

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலையில் புது தில்லி. அங்கிருந்து மெட்ரோவில் முனிர்கா வந்துவிடலாம். வளாகத்துக்குள்ளிருந்தே 615 பேருந்து கன்னாட் பிளேஸ் பக்கம் போகிறது. அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர். காவேரியைப் பார்த்ததும் மனசு குளிரும். பெரியார் விடுதி என்றதும் ஈ.வெ.ரா. என்று நினைத்துவிடாதீர்கள், அது கேரளத்து ஆறு. விடுதி இடம் சேர்ந்த அன்றே கிடைக்காது, சில வாரங்கள் ஆகலாம். அதுவரை தங்க ஒரு ஏற்பாட்டோடு வாருங்கள். பழைய புத்தகமும் நகல் கடைகளும் எதிரிலுள்ள பேர் சராயில் இருக்கின்றன.

ஊர் ஏக்கம் வரும். அதுவும் நவம்பரில் காற்று கெட்டு, டிசம்பரில் குளிர் நாலைந்து டிகிரிக்கு இறங்கும்போது நிச்சயம் வரும். ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் என்று எல்லோரும் சொல்லும் உத்தர சுவாமிமலை முருகன் கோயில் இருக்கிறது. அதே ஆர்.கே.புரத்தில் 1946-இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஆனால் தமிழ் நண்பர்களோடு மட்டுமே இருந்துவிடாதீர்கள். இந்தி தெரியாது என்று தயங்கவும் வேண்டாம். ஆட்டோக்காரரிடமும் மெஸ் அண்ணனிடமும் பேசிப் பேசியே ஆறு மாதத்தில் வந்துவிடும்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியது

கற்கும் மொழியை வகுப்புக்கு வெளியே கேட்க தில்லியைப் போல் வசதியான ஊர் குறைவு. லாஜ்பத் நகரில் ரிங் ரோட்டிலேயே ஜப்பான் ஃபவுண்டேஷனும் கொரியப் பண்பாட்டு மையமும் இருக்கின்றன. கஸ்தூர்பா காந்தி மார்கில் ஜெர்மானியரின் மாக்ஸ் முல்லர் பவன். பெரோஸ்ஷா ரோட்டில் ரஷ்ய மாளிகை. லோதி எஸ்டேட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ். ஹனுமான் ரோட்டில் ஸ்பானிஷ் செர்வாந்தெஸ் நிறுவனம். சனிக்கிழமை ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். நூலகத்தில் உட்காருங்கள், படம் போட்டால் பாருங்கள், பேச்சு நடந்தால் கேளுங்கள். உதவித்தொகை அறிவிப்பும் மொழித்தேர்வுத் தேதியும் இங்கே சுவரில் ஒட்டியிருக்கும். நான் கலந்துகொண்ட முதல் பேச்சுப் போட்டிக்கான அறிவிப்பை அப்படி ஒரு சுவரில்தான் பார்த்தேன்.

மொழித்தேர்வு என்றேனே, அதுதான் வெளிநாட்டு விண்ணப்பத்தின் முதுகெலும்பு. உங்கள் பல்கலைக்கழக மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தந்த நாட்டின் தேர்வுச் சான்றிதழைத்தான் அவர்கள் கேட்பார்கள். ஜப்பானியத்துக்கு ஜே.எல்.பி.டி.; என்5 தொடங்கி என்1 வரை ஐந்து படிகள், ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். தில்லியில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் பதிவு திறந்த அன்றே பணம் கட்டுங்கள். பிரெஞ்சுக்கு டெல்ஃப், ஸ்பானிஷுக்கு டெலே, சீனத்துக்கு ஹெச்.எஸ்.கே., கொரியனுக்கு டோபிக். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டெல்ஃப் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். டோபிக் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். கொரியன் படிப்பவர்கள் முதல் ஆண்டிலேயே எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால், விண்ணப்பிக்கும் நேரத்தில் அது காலாவதி ஆகியிருக்கும். விண்ணப்பிக்கப்போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எப்போது எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.

ஒப்பந்தம் என்றால் என்ன, யார் அனுப்புகிறார்கள்

"நம் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தோடு எம்.ஓ.யூ. இருக்கிறது" என்று கேட்டவுடன் டிக்கெட் போட்டுவிட்டது போலச் சந்தோஷப்படுவார்கள். எம்.ஓ.யூ. என்பது இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து வேலை செய்ய விருப்பம் என்று போடும் கையெழுத்து, அவ்வளவுதான். அதற்குக் கீழே மாணவர் பரிமாற்றத்துக்கென்று தனி உடன்பாடு இருந்தால்தான் நீங்கள் போக முடியும். மையத் தலைவரிடமோ பன்னாட்டு ஒத்துழைப்பைக் கவனிக்கும் அலுவலகத்திலோ இப்படிக் கேளுங்கள்: "மாணவர் பரிமாற்ற உடன்பாடு இருக்கிறதா, அது இப்போது நடப்பில் இருக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை பேர், இளங்கலை மாணவர் போகலாமா?" இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால்தான் அது உண்மையான வாய்ப்பு. ஒப்பந்தங்களுக்குக் காலவரை உண்டு. சில புதுப்பிக்கப்படாமலே கிடக்கும்.

பரிமாற்றத்தில் வழக்கம் என்னவென்றால், நீங்கள் கட்டணத்தை இங்கேயே கட்டுவீர்கள். அங்கே கல்விக் கட்டணம் கேட்க மாட்டார்கள். இதை "இலவசம்" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் நம் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு அது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. அப்பா நிலத்தை அடகு வைத்துப் பணம் அனுப்பிய கதை எனக்குத் தெரியும். அந்தப் பையன் அங்கே போய் ஒருவேளைதான் சாப்பிட்டான். ஆகவே பரிமாற்றம், உதவித்தொகை இரண்டையும் வெவ்வேறாக வைத்து, முடிந்தால் இரண்டுக்கும் முயலுங்கள்.

உதவித்தொகை பெரும்பாலும் அந்தந்த அரசிடமிருந்து வரும். ஜப்பானியம் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கென்றே ஜப்பான் கல்வி அமைச்சகம் ஒரு உதவித்தொகை தருகிறது. மெக்ஸ்ட் என்று சொல்வார்கள். சுமார் ஓராண்டு ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியும் பண்பாடும் படிக்கலாம். தூதரகம் வழியாகத் தேர்வு எழுத வேண்டும். படித்து முடித்து மீண்டும் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே கடைசி ஆண்டில் இருப்பவருக்கு இது பொருந்தாது. மூன்றாம் ஆண்டில் கேட்காதீர்கள் என்று முதலில் சொன்னது இதனால்தான். ஜெர்மனுக்கு, உதவித்தொகை தரும் டாட் (DAAD) என்ற ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பு இருக்கிறது. பட்டப்படிப்பு மட்டுமல்ல, ஜெர்மனியில் கோடைக்கால மொழிப் பயிற்சிக்கும் உதவுகிறது. கொரியாவுக்கு அந்நாட்டு அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகை, பிரான்ஸுக்கு "ஷார்பாக்" (Charpak) என்ற உதவித்தொகை. பிரெஞ்சு படித்தவர்கள் பிரான்ஸ் பள்ளிகளில் ஏழு மாதம் ஆங்கில உதவியாசிரியராகப் போகும் திட்டமும் உண்டு. சம்பளத்தோடு மொழி பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சீனம், ரஷ்யன் உள்ளிட்ட மொழிகளுக்கு நம் மத்தியக் கல்வி அமைச்சகம் வழியாகவும் அறிவிப்புகள் வரும். அதன் உதவித்தொகைப் பக்கத்தை மாதம் ஒருமுறை பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். உங்கள் முகமே தெரியாத ஆசிரியர் என்ன எழுத முடியும்? வகுப்பில் வாய் திறந்து பேசுங்கள். கட்டுரையைத் திருத்தித் தந்தால், திருத்தியதை மீண்டும் எழுதிக் காட்டுங்கள். கடிதம் கேட்கும்போது குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். கூடவே உங்கள் மதிப்பெண் பட்டியல், எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்ற விவரம், கடைசித் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

பெயரும் இனிஷியலும்

இது தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல். இதில் நான் ஒரு வாய்ப்பையே இழந்தேன்.

என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருப்பது இனிஷியலோடு "எம். செந்தில்குமார்". பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். அவசரத்தில் எடுத்தபோது அப்பா பெயரான முருகேசனைக் குடும்பப்பெயர் என்ற இடத்தில் போட்டுவிட்டேன். பல்கலைக்கழக அடையாள அட்டை மதிப்பெண் சான்றிதழின்படி. பரிமாற்றத்துக்குத் தேர்வானபோது, அடையாள அட்டையில் உள்ள பெயர் அப்படியே அங்கே போய்விட்டது. ஜப்பானுக்கு மாணவர் விசா வாங்க அந்நாட்டுக் குடிவரவுத் துறை தரும் தகுதிச் சான்று வேண்டும். அந்தச் சான்றில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர். அங்கிருந்தவருக்கு "எம்" என்பது யார் என்று புரியவில்லை. திருத்தம் கேட்டுக் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் அங்கே ஏப்ரல் வகுப்பு தொடங்கிவிட்டது. அந்த இடம் போயிற்று. அடுத்த ஆண்டு உதவித்தொகை வழியாகப் போனேன் என்பது வேறு கதை. ஆனால் மெஸ் மேஜையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மதியம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பாஸ்போர்ட்டை ஊரில் இருக்கும்போதே, ப்ளஸ் டூ முடிந்த விடுமுறையிலேயே எடுத்துவிடுங்கள். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றா என்று ஒரே மேஜையில் வைத்துப் பாருங்கள். "ழ" உள்ள பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். யாழினி என்ற பெயர் பள்ளியில் ஒரு கூட்டலும் ஆதாரில் வேறு கூட்டலுமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பெயரை எப்படி விரிக்கிறீர்கள் என்பதை ஒருமுறை முடிவு செய்தபின் தேர்வுப் பதிவு, உதவித்தொகை, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மொழித்தேர்வுப் பதிவிலும் இதேதான். ஏற்கெனவே முரண் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, அதன் ஆங்கில நகலை விண்ணப்பத்தோடு முதலிலேயே வைத்துவிடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை கேட்கும் நாடுகள் உண்டு. அதைக் கொடுப்பது வெளியுறவு அமைச்சகம். ஆனால் தமிழ்நாட்டுச் சான்றிதழ் என்றால் அதற்கு முன் நம் மாநில அரசின் சரிபார்ப்பு வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இதை முடித்துக்கொண்டு வந்தால் பாதி அலைச்சல் மிச்சம். ஜெர்மனியில் முழுப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள் 2022 நவம்பர் முதல், படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். என்ற சான்றும் வாங்க வேண்டும்.

நாட்காட்டி ஒத்துப்போகாது

இங்கே மழைக்கால செமஸ்டர் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை. குளிர்கால செமஸ்டர் ஜனவரி முதல் மே வரை. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். இலையுதிர் பருவம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில். கொரியாவில் மார்ச், செப்டம்பர். ஜெர்மனியில் அக்டோபர், ஏப்ரல். அக்டோபரில் ஜெர்மனி போகிறவருக்கு இங்கே ஒரு செமஸ்டர் பாதியில் அறுந்துவிடும்.

இதற்கு வழி ஒன்றே ஒன்று. கிளம்புவதற்கு முன், அங்கே படிக்கப்போகும் பாடங்களின் பட்டியலை எடுத்து, இங்குள்ள எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று மையத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். "போய்வாப்பா, பார்த்துக்கலாம்" என்று அன்பாகச் சொல்வார்கள். சொன்னவர் நல்லவர்தான். ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது அவர் அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. கையெழுத்தும் தேதியும் உள்ள தாள் இருக்கட்டும். அங்கே போனபின் பாடம் மாறினால் அன்றே மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலைச் சேமித்து வையுங்கள்.

போகும்போது எல்லாச் சான்றிதழ்களுக்கும் இரண்டு நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், காப்பீட்டுத் தாள், ஒரு மாதத்துக்கான மருந்து, டாக்டர் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி எடுத்துப்போவதைத் தடுக்க மாட்டேன். விதைகள், இறைச்சி கலந்த பொருட்கள் மட்டும் வேண்டாம், சுங்கத்தில் பிடிப்பார்கள்.

படிப்பு முடிந்து கிளம்பும் வாரத்தில், அங்குள்ள அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் இரண்டு பிரதி கேளுங்கள். மதிப்பெண் பிறகுதான் வரும் என்றால், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தில்லி மையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் ஒரு உறையைப் பிரிக்காமல் மைய அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்றை அப்படியே வைத்திருங்கள். முதுகலை விண்ணப்பத்துக்கு வேண்டும்.